தஞ்சை ஓவியமும் ஊராட்சியின் பொறுப்பும்

(தஞ்சை மாவட்டத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விதை, உரம், வாய்க்கால் தூர் வாருதல், குடிநீர், சாலை ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் நாம் பேசி வருகிறோம். இன்று ஓவியத்தைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். இதற்குக் காரணம் உண்டு. தை, மாசித் திங்கள்களில் சம்பா அறுவடை முடிந்த பிறகு, மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் வரையில், நம் ஊர்களில் பல குடும்பங்களுக்குப் போதிய வேலை இருப்பதில்லை. அம்மாதங்களில் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க துணைத்தொழில் எது என்று மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம்மைக் கேட்கின்றன. அவற்றுள் சில குழுக்கள் தஞ்சாவூர் ஓவியம் பயில விரும்புகின்றன. அதற்குக் கடனுதவியும், வேலை செய்ய இடமும் வேண்டுமென்று கேட்டுள்ளன.

இவ்விண்ணப்பங்களுக்கு இசைந்து தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. ஆனால், பயிற்சி முடிந்தபின் படங்கள் விலை போகாமல் கடன் மட்டும் நின்றுவிடுமானால், அத்தாய்மார்களின் நிலை யாதாகும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஆகவே, இக்கலை எத்தகையது, அதன் மதிப்பு எதில் அடங்கியுள்ளது, அதன்பால் ஊராட்சிக்குள்ள கடமை யாது என்பவற்றைத் தீர்மானத்திற்கு முன்பாகவே தெரிந்துகொள்வோம்.

பலகைப் படத்தின் வரலாறு

தஞ்சாவூர் ஓவியத்தைப் பெரியவர்கள் ‘பலகைப் படம்’ என்று அழைப்பர். மரப்பலகையின்மீது எழுதப்படுவதால் அப்பெயர் வந்தது. நாயக்க மன்னர் காலத்தில் வேர்கொண்டு, 1676 முதல் 1855 வரையில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில் இக்கலை தழைத்தது. 1798 முதல் 1832 வரை அரசு புரிந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கலைகளையும் கல்வியையும் போற்றியவர். அவர் காலத்தில் இவ்வோவியமும் சிறப்புற்றது. தெலுங்கு நாட்டிலிருந்து வந்து தஞ்சையிலும் திருச்சியிலும் குடியமர்ந்த ராஜு மரபினரும், மதுரையில் நாயுடு மரபினரும் இதனைப் பரம்பரைத் தொழிலாகச் செய்து வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தாம் எழுதிய படத்தில் தம் பெயரைப் பொறிப்பதில்லை.

நடுவில் பெரிய அளவில் தெய்வ உருவம், அதனைச் சூழ வளைவும் தூணும் அமைந்த மண்டபம், இருபுறமும் திரைச்சீலை, வட்ட முகம், வாதுமை வடிவான கண்கள் - இவை இவ்வோவியத்தின் அடையாளங்கள். வெண்ணெய் ஏந்திய கண்ணன், இராமர் பட்டாபிஷேகம், கஜலட்சுமி, பிள்ளையார், முருகன், ஆழ்வார்கள், நாயன்மார்கள் ஆகிய உருவங்கள் மிகுதியாக எழுதப்பட்டன. பூசையறையிலும் பஜனை மடத்திலும் வைத்து வணங்குவதற்கென்றே இவை செய்யப்பட்டன. சிறு விளக்கின் ஒளியில், பின்னேயுள்ள நிறங்கள் மங்கித் தோன்ற, புடைத்து நிற்கும் பொன் வேலை மட்டும் பளிச்சென்று தெரியும்.

1855 இல் தஞ்சை அரசு முடிவுற்றது. அரண்மனை ஆதரவு நின்றது. 1894 இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின், அச்சிட்ட தெய்வப் படங்கள் சிறு விலைக்கு எங்கும் பரவின. பின்னர் நாட்காட்டிப் படங்களும் வந்தன. பல திங்கள் உழைத்துச் செய்யும் பலகைப் படத்தை வாங்குவார் குறைந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் தேவை பெருகிற்று. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973 இல் அமைந்து, ‘பூம்புகார்’ விற்பனை நிலையங்கள் வாயிலாக இவற்றை விற்று வருகிறது.

செய்முறை

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது பழமொழி. இவ்வோவியத்திற்குச் சுவராக அமைவது பலகை. முன்னாளில் பலா மரமும் தேக்கும் பயன்பட்டன. இந்நாளில் ஒட்டுப்பலகையே பெரும்பாலும் வழக்கில் உள்ளது. பலகையின்மீது பருத்தித் துணியைச் சுருக்கமின்றி ஒட்டவேண்டும். இதற்குப் பழைய ஓவியர்கள் புளியங்கொட்டைப் பசையைக் கையாண்டனர். துணி காய்ந்தபின், சுண்ணப் பொடியைப் பிசினோடு குழைத்துப் பூசி, காயவிட்டு, மீண்டும் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துச் சமன் செய்யவேண்டும். அதன் பிறகே உருவத்தை வரைகிறார்கள்.

அடுத்தது கல் பதித்தல். அரண்மனைக்காகச் செய்த படங்களில் உயர்ந்த மணிகளும் இடம் பெற்றதுண்டு. ஏனையவற்றில் கண்ணாடிக் கற்களே மிகுதி. இந்நாளில் ஜெய்ப்பூர்க் கற்கள் எனப்படும் வண்ணக் கற்கள் பயன்படுகின்றன. கற்களைச் சுற்றியும், நகை, ஆடைக்கரை, தூண், வளைவு ஆகிய இடங்களிலும் சுண்ணப்பொடியும் பிசினும் சேர்ந்த குழம்பினால் புடைப்பு வேலை செய்கிறார்கள். அது காய்ந்ததும் தங்க ரேக்கை வெட்டி அப்புடைப்பின்மேல் ஒட்டி, கோலமும் முத்தும் தெரியும்படி மெல்ல அழுத்துகிறார்கள். பின்பு வண்ணம் தீட்டி, கோடுகளை எழுதி, முகத்தையும் கண்ணையும் முடிக்கிறார்கள்.

உழவர் பெருமக்களே! பலா மரம், பருத்தி, புளியங்கொட்டை, வேலம்பிசின் ஆகிய யாவும் நம் நிலத்தில் விளைபவை. செய்முறையும் உங்களுக்குப் புதிதன்று. நிலத்தைச் செம்மையாக உழுது சமன்படுத்தாமல் நல்ல விதையை ஊன்றினாலும் விளைச்சல் கிடைப்பதில்லை. அதுபோன்றே, அடிப்பூச்சு காயுமுன் அடுத்த பூச்சை இட்டாலும், பசை சரியாகப் பிடிக்காவிட்டாலும், சில ஆண்டுகளில் புடைப்பு வெடித்து, பொன்னோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். வாங்குவோர் கண்ணில் படாத அடிவேலைதான் படத்தின் ஆயுளை வரையறுக்கிறது. அவசரப்படுவோர்க்கு இத்தொழில் ஏற்றதன்று.

பொன்னும் போலியும்

வழக்கமாக இதற்குக் கையாளும் ரேக்கு 22 காரட் பொன். அதாவது, 24 பங்கில் 22 பங்கு தங்கம். ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மெல்லிதாக அடிக்கலாம் என்பார்கள். ஆதலால், ஒரு படத்தில் அடங்கும் பொன்னின் எடை சிறிதே. எனினும், செலவினங்களில் அது பெரியது. பொன் விலை ஏறும்போதெல்லாம் அதுவும் ஏறும்.

இங்குதான் ஆசை நுழைகிறது. செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் தகடு கடையில் மலிவாகக் கிடைக்கிறது. புதிதாக ஒட்டியபோது பொன்னுக்கும் கில்ட்டுக்கும் வேறுபாடு காண்பது பழக்கமில்லாதவர்க்கு அரிது. ஆனால், காற்றும் ஈரமும் பட்டால் செம்புக் கலவை கறுக்கும். பொன்னோ நூறாண்டு கழிந்தும் நிறம் மாறாது. பொன் என்று நம்பி வாங்கிய ஒருவர் வீட்டில் படம் கறுத்துவிட்டால், அவர் அதைச் செய்தவரை மட்டும் குறைகூறமாட்டார். “அந்த ஊர்ப் படமே இப்படித்தான்” என்பார். ஒருவர் செய்த பொய்க்கு ஊரிலுள்ள அத்தனை குழுக்களும் விலை கொடுக்க நேரிடும்.

மலிவான பொருளைப் பயன்படுத்துவதே தவறு என்று நாம் கூறவில்லை. நன்கு காய்ந்த, ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையில் சிறந்த படம் செய்யலாம். சிறு வருவாயினர் வாங்கும்படி கில்ட்டுத் தகட்டில் செய்து, அதற்குரிய விலைக்கு விற்பதும் குற்றமன்று. ஒட்டுப்பலகையைப் பலாப்பலகை என்பதும், கில்ட்டைப் பொன் என்பதுமே குற்றம். விதை மூட்டையில் ரகம், முளைப்புத்திறன், காலாவதி நாள் ஆகியவை அச்சிட்ட அட்டை இல்லாவிட்டால் நாம் வாங்க மறுக்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும், பலகை எது, ரேக்கு எது, கல் எது, செய்தவர் யார், செய்த ஆண்டு எது என்று எழுதிய சீட்டு ஒன்று ஒட்டப்படுதல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நன்மை மிகப் பெரிது.

தஞ்சாவூர் என்னும் பெயருக்குச் சட்டக் காப்பும் உண்டு. 1999 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், தஞ்சாவூர் ஓவியம் 2007-08 இல் பதிவு செய்யப்பட்டது. இப்பதிவைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். உரிய நிலப்பகுதியில் உரிய முறையில் செய்வோர், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் படம் நல்லதாகிவிடாது. ஆயினும், போலிகளை எதிர்த்து முறையிடும் உரிமையை அப்பதிவு வலுப்படுத்துகிறது.

பஜனை மடத்துப் படங்கள்

புதிய படங்களைச் செய்வதைப் போன்றே, இருக்கும் படங்களைக் காப்பதும் நம் கடமை. நம் மாவட்டத்துப் பஜனை மடங்களிலும் பழைய வீடுகளிலும் கரிபடிந்த பலகைப் படங்கள் இன்றும் தொங்குகின்றன. கரையான் அரித்தது, கல் உதிர்ந்தது என்று அவற்றை ஓரத்தில் போடுவதும், புதிய படம் தருவதாகச் சொல்லி வருவோரிடம் கொடுத்துவிடுவதும் நிகழ்கின்றன.

பெரிய காப்பகங்களுக்கே இத்தகைய இழப்பு நேர்ந்துள்ளது. சரபோஜி மன்னரும் அவர் மகன் சிவாஜியும் சேர்ந்து தோன்றும் தஞ்சை ஓவியம் ஒன்றை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 2006 இல் 35,000 டாலருக்கு வாங்கியது. அதனுடன் வந்த உரிமை வரலாறு பொய்யென்று பின்னர் தெரிந்தது. 2015 இல் அருங்காட்சியகம் அதனை அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தது. அவ்வோவியம் தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து களவு போனதென்று தமிழ்நாடு காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022 இல் அறிவித்தது. காவலும் கட்டடமும் உள்ள இடத்திற்கே இந்நிலையென்றால், தாழ்ப்பாள் மட்டும் போட்ட பஜனை மடத்தின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய ஓவியம் தொல்பொருளாகும். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது.

பாதுகாக்கும் முறைகளும் எளியவையே. ஈரம் ஊறும் சுவரில் படத்தை மாட்டலாகாது. சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். விளக்கை நேர்கீழே வைத்தால் புகை படியும். ஈரத்துணியால் துடைத்தால் சுண்ணப்பூச்சு ஊறிப் பெயர்ந்துவிடும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதே போதும். மங்கிவிட்டதென்று எண்ணிப் புதிய வண்ணம் பூசுவது படத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். பழுது மிகுதியானால், அருங்காட்சியகத் துறையின் அறிவுரையை நாடவேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் பொது இடங்களில் உள்ள பழைய படங்களைக் கணக்கெடுக்கட்டும். நீள அகலம், உருவம், பழுது ஆகியவற்றை எழுதி, முன்புறமும் பின்புறமும் நிழற்படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்க்கட்டும். படம் களவு போனால் நம்முடையது என்று மெய்ப்பிக்க உதவும் சான்று இதுவே.

இரண்டாவதாக, ஓவியப் பயிற்சி கேட்கும் குழுக்களுக்கு முதலிலேயே பெருங்கடன் வழங்கப் பரிந்துரைக்கவேண்டாம். சில நாள் வகுப்பில் அடிப்பூச்சையும் ரேக்கு ஒட்டுதலையும் கற்கலாம். முகமும் கண்ணும் எழுதக் கை பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகையால், முதற்கண் தஞ்சையிலோ கும்பகோணத்திலோ தொழில் நடத்தும் ஓவியர் ஒருவரிடம் கூலிக்கு அடிவேலை செய்து பழகட்டும். கூலியும் கிடைக்கும், சந்தையின் இயல்பும் விளங்கும். பிறகு சிறு படங்களைத் தாமே செய்யட்டும். ஆணை பெறாமல் பெரிய படங்களில் பொன்னை முடக்கலாகாது.

மூன்றாவதாக, ஒன்றிய அரசின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டையைத் தகுதியுள்ளோர் பெற உதவுவோம். ஒட்டுச்சீட்டில் உண்மையை எழுத இசையும் குழுவுக்கே ஊராட்சிக் கட்டடத்தில் இடம் என்று கிராம சபையில் முடிவு செய்வோம்.

விண்ணப்பித்த குழுக்களின் ஆர்வத்தைத் தணிப்பது நம் நோக்கமன்று. அவர்கள் கடன்பட்டு ஏமாறாமல், கற்று, கைதேர்ந்து, நிலையான வருவாய் பெறவேண்டும் என்பதே நோக்கம். பெயர் பொறிக்காமல் சென்ற பழைய ஓவியர்கள் தம் வேலையின் உண்மையையே அடையாளமாக விட்டுச் சென்றனர். அவர்கள் படங்களைக் காத்து, அதே உண்மையோடு புதிய படங்களையும் செய்ய நம் ஊர்கள் முன்வரட்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே கணக்கெடுப்புத் தீர்மானத்தைக் கொண்டுவருமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டு, இவ்வுரையை முடிக்கிறோம்.