கடற்கரையும் ஓர் அமானிதமே



கச்சான் காற்று அனலாய் வீசும் இக்காலத்தில், அஸர் தொழுகையின் பின் பாலமுனைக் கடற்கரையில் குடும்பத்தோடு அமர்வது இன்பமானது. மார்க்கம் இதனைத் தடுக்கவில்லை. வீண்விரயத்தையும் பிறருக்குத் தீங்கிழைப்பதையுமே தடுக்கின்றது.

2004 டிசம்பர் 26இல் இதே கடல் நம் கரையோரத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு சென்றது. இன்று அதனருகே மீண்டும் அமர்கின்றோம் என்றால், அது அல்லாஹ்வின் கருணையே. அக்கருணைக்கு நாம் செலுத்தும் நன்றி என்ன? மஃரிப் அதான் ஒலித்ததும் எழுந்து செல்கின்றோம். சோற்றுப் பொதியின் பொலித்தீனோ மணலிலேயே கிடக்கின்றது. அலை அதனை இழுத்துச் செல்ல, கடலாமை இரையென எண்ணி விழுங்கி மடிகின்றது.

பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, உறிஞ்சுகுழல் ஆகியவற்றை 2023 ஒக்டோபரில் நமது நாடு தடைசெய்தது. பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் அன்றே கற்பித்துவிட்டார்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகள் நம் உபதேசத்தைவிட நம் கைகளையே பார்க்கின்றனர். வாழையிலையில் உணவும் வீட்டுப் போத்தலில் நீரும் கொண்டு செல்வோம். தாகத்துக்கு இளநீர் அருந்துவோம். வாலிபர்களே! எழும்போது நம் குப்பையோடு, பிறர் விட்டுச்சென்ற ஒன்றையேனும் சேர்த்து எடுத்து வாருங்கள். அதுவும் ஸதகாவே.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.