பழம்பொருளைக் காக்கவும் ஒரு படிப்பு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



மேற்படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மெடிக்கலும் இன்ஜினியரிங்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஓடுகின்றன. நான் வேறொன்றைச் சொல்கிறேன்: கலைப்பொருள் பாதுகாப்பு.

பழைய வெண்கலச் சிலையில் சில சமயம் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். களிம்பு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்ப்போம். பொடி போய்விடும், நோய் போகாது. உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். உப்புக்காற்று என்ன செய்யும் என்று கன்னியாகுமரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பால்கனிக் கம்பிகளைப் பார்த்தாலே போதும்.

இதற்கு மருந்து தேடியவர்களில் முன்னோடி நம் தமிழ்நாட்டுக்காரர், எஸ். பரமசிவன். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். மின்பகுப்பு முறையில் அங்கே வெண்கலச் சிலைகளைச் சுத்தம் செய்தார்கள். பிளஸ் டூ புத்தகத்தில் மார்க்குக்காக நாம் படிக்கிற அதே மின்பகுப்புதான்! தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எப்படி வரையப்பட்டன என்பதையும் வேதியியல் வழியே ஆராய்ந்து எழுதினார்.

இன்று இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. டெல்லியில் 1989இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியக நிறுவனத்தில் இரண்டு வருட எம்.ஏ. உண்டு. அந்த நிறுவனம் இப்போது நொய்டாவில், இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. எம்.ஏ. என்றாலும் வேதியியல் தெரியாமல் தள்ள முடியாது. கை நடுங்காத பொறுமையும் வேண்டும். தகுதி விவரத்தை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், அரசுப் பணியிடங்கள் கொஞ்சம்தான். இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு, அருங்காட்சியகங்கள், லக்னோ ஆய்வுக்கூடம், இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையங்கள், இப்படிச் சில இடங்கள். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனசு கசக்கும். கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைக்கிற குடும்பம் இதை யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

ஆனால் வேலை இல்லாத துறை என்று சொல்லமாட்டேன். பத்மநாபபுரம் அரண்மனை முழுக்க மரம், மேல்மாடியில் சுவரோவியம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலும் ஓவியங்கள் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் இல்லையென்றால் நாஞ்சில்நாட்டு வரலாற்றில் பாதி நமக்குத் தெரியாது. கவிமணியே அவற்றைப் படித்து எழுதியிருக்கிறார். கரையானும் ஈரமும் அந்த ஓலைகளை முந்தியிருந்தால்?

நம் பிளாக்குகளில் யார் வீட்டிலாவது தாத்தா காலத்து ஓலைக்கட்டு இருந்தால், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். வெயில் படாத, ஈரம் தங்காத இடத்தில் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலாமல், முதலில் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.