பிரேதப் பரிசோதனையும் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

மருத்துவமனையில் நிகழ்ந்த மரணத்தில் ஐயம் உண்டு என்று எங்கள் சட்ட உதவிப் பிரிவை நாடி வருவோர் பெரும்பாலும் நாற்பது நாட்கள் கழிந்த பின்னரே வருகின்றனர். கையில் மருந்துச் சீட்டுகளும் பணம் கட்டிய ரசீதுகளும் இருக்கும். "பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டதா?" என்று நாங்கள் கேட்போம். இல்லை என்பதே ஏறத்தாழ எல்லோருடைய விடையும். சிலர் அதற்கும் மேலாக, "மரணத்தில் சந்தேகம் இல்லை, பரிசோதனை வேண்டாம்" என்று எழுதிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்திருப்பர். அந்த ஒரு தாள், பின்னர் அவர்கள் தொடுக்கும் வழக்கில் எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக வந்து நிற்கிறது.

எனவே இதனைக் கேட்க வேண்டிய நேரம் ஜனாஸா எடுப்பதற்கு முந்தைய சில மணி நேரங்களே என்பதை விளக்கவே இங்கு நிற்கின்றோம்.

பிரேதப் பரிசோதனை இரு வகைப்படும். நோயின் தன்மையை அறிய, உறவினர் சம்மதத்துடன் மருத்துவமனையே செய்வது ஒன்று. காவல்துறையின் விசாரணைக்காக அரசு மருத்துவர் செய்வது மற்றொன்று. முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 1-7-2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாக உள்ளது. மரணத்தில் ஐயம் உண்டெனக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் இவ்வழி திறக்கும். திருமணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்து, அவளுடைய உறவினர் எவரேனும் கோரினால், அக்கோரிக்கையையே இப்பிரிவு தனியாகக் குறிப்பிட்டு உடலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறது. பிரசவத்திலும் அதனையடுத்த அறுவைச் சிகிச்சையிலும் இறக்கும் இளம் தாய்மார்களின் குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் நலம்.

பரிசோதனை எதனைச் சொல்லும்? அறுவைக்குப் பின் வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருந்ததா, குடலில் துளை விழுந்திருந்ததா, நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்ததா, செயற்கைச் சுவாசக் குழாய் மூச்சுக்குழலில் இருந்ததா அல்லது உணவுக்குழலில் இருந்ததா என்பனவற்றைச் சொல்லும். கடைசியாகச் சொன்னதற்காகவே, உடலில் பொருத்தப்பட்ட குழாய்களையும் ஊசிகளையும் அகற்றாமல் அனுப்ப வேண்டும் என்று கேட்பது அவசியமாகிறது. குளிப்பாட்டுவதற்கு வசதியாக அவற்றைக் கழற்றிவிடுமாறு நம்மவர்களே கேட்டுக்கொள்வதும் உண்டு.

இன்னொன்று. உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் இட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். அது நஞ்சைக் கண்டறிவதற்கானது. சிகிச்சை தொடர்பான மரணத்தில் "விஷம் இல்லை" என்ற அறிக்கையால் பயன் ஏதுமில்லை. ஃபார்மலினில் பாதுகாத்த திசுக்களை நோய்க்குறியியல் வல்லுநர் நுண்ணோக்கியில் ஆராய்வதே அங்கு தேவை. மனுவில் இதனையும், சிகிச்சையளித்த மருத்துவமனையைச் சாராத மருத்துவர் குழுவையும், வீடியோப் பதிவையும் சேர்த்துக் கோரலாம்.

இனி, அது சொல்லாததையும் சொல்லிவிடுகிறோம். மரணத்தின் காரணத்தை மட்டுமே அது கூறும். தவறு யாருடையது என்று கூறாது. இரத்தக்கசிவு கவனமாகச் செய்த அறுவையிலும் நேரலாம். இதயத் துடிப்பின் திடீர்க் கோளாறு உடலில் தடயமே விடாமல் போகலாம். உச்ச நீதிமன்றம் 5-8-2005 அன்று தீர்ப்பளித்த ஜேக்கப் மாத்யூ வழக்கை எடுத்துக்கொள்வோம். மூச்சுத்திணறலால் துன்புற்ற நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பதே அங்கு புகார். காலி சிலிண்டரை எந்தப் பிரேதப் பரிசோதனையும் காட்டாது. சிகிச்சைக் குறிப்பேடும் உடனிருந்தோர் சாட்சியமுமே காட்டும். ஆகவே குறிப்பேட்டின் நகலையும் உடனே எழுதிக் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 72 மணி நேரத்திற்குள் அது தரப்பட வேண்டும்.

மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடர மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்றும், வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் நம்பகமான கருத்து முதலில் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அந்த வேறொரு மருத்துவர் எதைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்? பரிசோதனை அறிக்கை இல்லையெனில், சிகிச்சையளித்த மருத்துவமனை எழுதிவைத்த தாள்கள் மட்டுமே அவர் முன் இருக்கும். நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கோரும் வழக்கில் இவ்வளவு கடுமை இல்லை. இரண்டாண்டுக் காலவரம்பு உண்டு. ஆனால் மரணத்தின் காரணம் அங்கும் கேட்கப்படும்.

மருத்துவர்கள் இப்பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் நியாயத்திற்காகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 99 வழக்குகளை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரையொன்று, மருத்துவர் கண்ட நோயும் பரிசோதனையில் தெரிந்த நோயும் வேறுபட்ட வழக்குகளிலும் மருத்துவர் பெரும்பாலும் விடுவிக்கப்பட்டதாகக் கூறுகிறது. நீதிமன்றங்கள் பார்த்தது சிகிச்சையின் தரத்தையே. கல்லெறிந்து கண்ணாடி உடைப்பவர்களுக்கு இச்செய்தி கசக்கலாம். அவ்வாறு உடைப்பது தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக்குற்றம். புகார் கொடுக்க வந்தவரே குற்றவாளியாகிறார். இதைவிட வேதனை தருவது, ஜமாஅத் பெரியவர்கள் முன்னின்று ஒரு தொகையைப் பேசி வாங்கிக் கொடுத்து மையித்தை எடுத்துவிடும் வழக்கம். இதனை நாங்கள் ஏற்கவில்லை. ஏன் இறந்தாள் என்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கேட்கும்போது தொகை பதில் சொல்லாது.

அடக்கிய பின் தோண்டிப் பார்க்கலாமே என்பர். மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நமது வெப்பத்தில் சில வாரங்களிலேயே மென்மையான உறுப்புகள் அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிவு தெரியும். சில நஞ்சுகள் தெரியும். இரத்தக்கட்டியும் ஒவ்வாமை அதிர்ச்சியும் தெரிவது அரிது. வெட்டாமலே சி.டி. ஸ்கேன் மூலம் ஆராயும் முறையை டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2021இல் தொடங்கியது. அது எல்லா மரணங்களுக்கும் போதுமானதன்று; நம் மாவட்ட மருத்துவமனையில் அதனை எதிர்பார்க்கவும் இயலாது.

மார்க்கம் தடுக்கிறது என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை. மையித்தின் கண்ணியம் நமக்குப் பெரிது. விரைந்து அடக்குவதும் பெரிது. அதனை நன்கறிந்த மார்க்க அறிஞர்களே, மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் அகாடமியில் 1987இல் கூடி, குற்றம் குறித்த விசாரணையில் மரணக் காரணத்தை அறியவேண்டிய தேவை நேரும்போது பரிசோதனை கூடும் என முடிவு செய்தனர். தேவைக்கு மேல் போகலாகாது, பெண்ணின் உடலை இயன்றவரை பெண் மருத்துவரே ஆராய வேண்டும், வெட்டிய பகுதிகள் அடக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளையும் விதித்தனர். பெண் மருத்துவர் வேண்டும் என்பதை மனுவிலேயே எழுதலாம்.

தாமதம் எவ்வளவு? சூரியன் மறைந்த பின்னும் வசதியுள்ள மருத்துவமனைகளில் செய்யலாம் என 2021 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஆயினும் குற்றச் செயல் இருக்குமோ என்ற சந்தேகமுள்ள மரணங்களுக்குப் பொதுவாக விடியும் வரை காத்திருக்கவே நேரும். மாலையில் மௌத்தானவரை மறுநாள் அஸருக்குப் பின் அடக்கும்படி ஆகலாம். அத்தகைய நாளில் பள்ளியின் ஒலிபெருக்கியில் அடக்க நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் குடும்பத்தாரை அவசரப்படுத்த வேண்டாமென நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். தையலிட்ட உடலைக் குளிப்பாட்டப் பழகிய ஆண்களும் பெண்களும் நம் மஹல்லாவில் உள்ளனர். அவர்களுடைய பெயர்களும் காவல் நிலையத்தில் தரவேண்டிய மனுவின் மாதிரியும் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. எந்த நேரத்திலும் கேட்டுப் பெறலாம்.