மொட்டைமாடிக்கு யார் காவல்?

(தியாகராய நகரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



போன சித்திரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தார்கள். பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து, என் மனைவியும் மைத்துனியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தியிருந்தார்கள். தலைக்கு மேலே வண்டு ரீங்காரம். அண்ணாந்து பார்த்தால் ஹெலிகேம், படமெடுக்கும் ட்ரோன்! அடுத்த தெரு மண்டபத்தில் கல்யாணம். இறங்கிப் போய்க் கேட்டேன். "சும்மா டாப் ஆங்கிள் சார், உங்க வீடெல்லாம் தெரியாது" என்றான் அதை ஓட்டிய பையன். திரையைக் காட்டு என்றேன். காட்டினான். வேட்டியில் இருந்த வடாமை எண்ணியிருக்கலாம்!

இதற்கு எந்தச் சட்டத்தில் போய்க் கேட்பது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு இருக்கிறது என்பார்கள். அது ஒளிந்திருந்து பார்ப்பவனைத் தண்டிக்கும் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவில் அந்தரங்கம் என்றால் உடை மாற்றுவது, கழிப்பறை போன்றவைதான். வடாம் பிழிவதும் ஈரத் தலையை உலர்த்துவதும் அந்தக் கணக்கில் வராது. சொந்த மாடியில் நிற்கிற பெண் அந்தச் சட்டத்துக்கு நடுத்தெருவில் நிற்கிற மாதிரி!

சரி, ட்ரோனுக்கென்றே விதிகள் உண்டே என்பீர்கள். 2021 மார்ச்சில் வந்த விதிகளில், படம் எடுப்பவர் மற்றவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த விதிகளை மாற்றினார்கள். 25 படிவங்கள் 5 ஆயின, 72 வகைக் கட்டணம் 4 ஆனது. நல்லது, கைதட்டலாம். அந்தரங்கத்தைக் காக்கச் சொன்ன அந்த வாசகம் மட்டும் எங்கே போனது? உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே சொல்லிவிட்டார்களே! படிவத்தைக் குறைத்த கை, உரிமையையும் சேர்த்துக் குறைத்துவிட்டது.

விதி எழுதியவர்கள் கையில் வைத்திருப்பது தராசு. 250 கிராம் வரை இருந்தால் அது நானோ ட்ரோன், ஓட்ட உரிமம் வேண்டாம். கால் கிலோ காராசேவுப் பொட்டலத்தின் எடை! இந்த வரம்புக்காகவே 249 கிராமில் ட்ரோன் செய்து உலகமெங்கும் விற்கிறார்கள். விழுந்தால் மண்டை உடையுமா என்பதற்கு எடை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் என் மாடியை எட்டிப் பார்க்கும் லென்ஸுக்கு எடை ஏதய்யா?

2025 செப்டம்பர் 16-ஆம் தேதி சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவை வெளியிட்டார்கள். பதிவு கட்டாயம், காப்பீடு கட்டாயம், சில குற்றங்களுக்குச் சிறை. கருத்துச் சொல்லக் கெடு செப்டம்பர் 30. பதினைந்தே நாள்! நம் தெரு மளிகைக் கடைக்காரர்கூட ஒரு மாசம் பொறுப்பார். தொழில் நசிந்துவிடும் என்று ட்ரோன் கம்பெனிகள் கூக்குரல் எழுப்பின. அதில் நியாயமும் உண்டு. மருந்தடிக்கும் ட்ரோனை மகளிர் குழுவுக்குக் கொடுக்கிற அரசு, பறக்கவிட்ட குற்றத்துக்கே சிறை என்று பயமுறுத்தலாமா? குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்கள் ட்ரோன் செய்து பேர் வாங்கிய ஊர் இது. பறப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. பார்ப்பதோடுதான்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். தீபாவளி நெருங்கினால் ரங்கநாதன் தெருவுக்கு மேலே பறப்பது யார் ட்ரோன்? காவல்துறையுடையது. பிக்பாக்கெட்டைப் பிடிக்கட்டும், நெரிசலைத் தடுக்கட்டும், நானும் அந்தத் தெருவில் பர்ஸைப் பறிகொடுத்தவன்தான். ஆனால் அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழிப்பார்கள்?

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், திருப்பூரில் கேரம் ஆடிய பையன்களை போலீஸ் ட்ரோன் துரத்தியது. கேரம் பலகையையே கேடயமாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: விதி மீறினால் வழக்குப் போடலாம், அபராதம் வாங்கலாம். ஊர் சிரிக்க வைப்பது எந்தச் சட்டத்தில் எழுதிய தண்டனை? அந்தப் பையன்கள் முகத்தை மறைத்தார்களே, நோய்க்குப் பயந்தா மறைத்தார்கள்?

2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவைப் படியுங்கள் ஐயா. மத்திய அரசு அறிவித்தால் அரசு அமைப்புகளுக்கே விலக்கு உண்டு. வேலியை அடைத்துவிட்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த மேடைக்குக் கீழே, இடது பக்க மேஜையில், நம் தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய மனு இருக்கிறது. மூன்றே கோரிக்கை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் மாடியையும் ஜன்னலையும் ட்ரோனில் படம் எடுப்பது தனிக் குற்றம் என்று மசோதாவில் எழுதுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்தாக வேண்டும் என்று எழுதுங்கள். கல்யாண வீட்டுப் பையனுக்கு எதுவோ, காக்கிச் சட்டைக்கும் அதுவே என்று எழுதுங்கள்.

கையெழுத்தோடு கதவு எண்ணையும் போடுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். தாய்மார்கள் முதலில் வாருங்கள்.