எடையற்ற வெளியில் வண்ணத்துப்பூச்சி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு என் பெயரன் எருக்கிலையும் புழுவுமாய் ஒரு கண்ணாடிக் குப்பியை வீட்டினுள் கொண்டுவந்தான். "பரீட்சை நேரத்தில் புழு எதற்கு?" என்று கடிந்து, வெளியே கொட்டச் செய்தேன். அது என் பிழை என்பதை இம்மன்றத்தில் ஒப்புக்கொள்ளவே எழுந்துள்ளேன்.

2009 நவம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் அட்லாண்டிஸ் விண்கலம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பயோசெர்வ் நிலையத்தார் ஆயத்தம் செய்த பெட்டிகளில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் உடன் சென்றன. அவற்றுள் மொனார்க் என்பது ஓர் இனம்.

எடையின்மை என்றவுடன் அங்கே புவியீர்ப்பே இல்லை என்று எண்ணலாகாது. தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 10இல் 9 பங்கு அங்கும் உண்டு. நிலையமும் அதிலுள்ள யாவும் பூமியைச் சுற்றியவாறே ஒருங்கே விழுந்துகொண்டிருப்பதால் எடை புலப்படுவதில்லை.

மொனார்க் புழுவோ பட்டிழையால் சிறு பற்றுக்கோடு அமைத்து, அதில் தலைகீழாகத் தொங்கியே கூட்டுப்புழுவாக மாறும். கூட்டை விட்டு வந்தபின்னும், ஈரமாய்ச் சுருங்கிய சிறகுகளுக்குள் உடல்நீரைச் செலுத்தி, அவற்றைத் தொங்கவிட்டே விரித்து உலர்த்தும். மேல், கீழ் என்பதே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? அங்கும் புழு கூட்டுப்புழுவாயிற்று. கூட்டினின்று வண்ணத்துப்பூச்சி வெளிப்பட்டது!

ஆயினும் வானிலுள்ள பெட்டி தனித்து எதையும் மெய்ப்பிக்காது. அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்கள் அவ்வினப் புழுக்களை வகுப்பறைகளில் வளர்த்து, கண்டவற்றைக் குறித்து, விண்ணிலிருந்து வந்த படங்களோடு ஒப்பிட்டனர். மேலே காணும் மாற்றம் எடையின்மையால் விளைந்ததா, புழுவின் இயல்பா என்பதை மண்ணிலுள்ள பெட்டியைக் கொண்டே அறிய முடியும்.

அன்பர்களே! நான் கொட்டச் செய்த குப்பியும் அத்தகையதே. நம் காலனி வேலியோரத்து எருக்கில் வளரும் வரியன் புழு, மொனார்க்கின் நெருங்கிய உறவு. எருக்கம்பால் கண்ணில் படாமல் காத்து, கைகழுவச் சொல்லி, குழந்தைகளைப் பார்க்க விடுங்கள். ஒரு குறிப்பேடும் வாங்கிக் கொடுங்கள். நாள், நிறம், நீளம் ஆகியவற்றை அவர்களே எழுதட்டும்.

அந்தக் குப்பியை நானே தேடியெடுத்துக் கழுவி வைத்துள்ளேன். பெயரன் இன்னும் என்னை முழுதும் நம்பவில்லை!