நம் கதைக்கு நம் குரல்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கனடாவிலிருந்து வந்த நான், அங்கே குடியேறிய இன்னொரு பெண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

தீபா மேத்தா 1950இல் அமிர்தசரஸில் பிறந்தவர். 1973இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். தூர தேசத்தில் இருந்துகொண்டே, விட்டுவந்த மண்ணின் அநீதிகளைப் படமாக்கினார். 1998இல் வந்த 'ஏர்த்', இந்தியப் பிரிவினையின் கொடுமையைச் சொன்னது. 'வாட்டர்', 1938ஆம் ஆண்டுக் காசியில் விதவையாக்கப்பட்ட ஒரு சிறுமியின் கதை. 2000இல் அங்கே படப்பிடிப்புத் தொடங்கியபோது எதிர்ப்பாளர்கள் அரங்கை உடைத்து ஆற்றில் எறிந்தார்கள். அவர் விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, வேறு பெயரில், சத்தமில்லாமல் நம் இலங்கையில் அதை எடுத்து முடித்தார். 2005இல் வெளிவந்த அந்தப் படம், கனடாவின் சார்பில் ஒஸ்கார் இறுதிப் பட்டியல் வரை சென்றது.

அந்தத் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் 2020இல் அவர் எடுத்த 'ஃபன்னி போய்' வேறொரு பாடத்தையும் தந்தது. ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தழுவி, 1983 வரையான கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றைக் காட்டும் படம் அது. முக்கிய பாத்திரங்களில் தமிழர் போதவில்லை, பேசிய தமிழும் தமிழாக இல்லை என்று கனடாத் தமிழர் வருந்தினார்கள். நல்ல மனம் இருந்தும், நம் குரல் அங்கே இல்லாமற் போனது.

மலையகத்தின் கதை அதைவிடக் குறைவாகவே திரைக்கு வந்திருக்கிறது. சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' போன்ற முயற்சிகள் சிலவே. 1948இல் குடியுரிமை பறிபோனதும், 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகள் கணக்குப் போட்டதும் நம் வீட்டுக் கதைகள்தாம்.

என் அம்மாயியின் தங்கச்சி அந்தக் கணக்கில் போனவர். 'அழுகைக் கோச்சி' என்பார்களே, அதில் தலைமன்னாருக்குப் போனார். ஜன்னலில் பிடித்த கையை விட முடியாமல் பிளாட்பாரம் முடியும்வரை ஓடியதை அம்மாயி லயத்துத் திண்ணையில் இருந்து எத்தனையோ தடவை சொன்னார். எனக்கு அப்போது சோதனைக்குப் படிக்கிற அவசரம். "பிறகு கேக்கிறேன் அம்மாயி" என்றேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. இன்று அவர் குரல் என்னிடம் இல்லை.

தங்கைமாரே, உங்கள் கையில் தொலைபேசி இருக்கிறது. இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பெயர், தோட்டம், வருடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளை இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி கமெராவைத் தூக்கும்போது, அவளுக்கு அது வேண்டும்.