உங்கள் நிலத்தின் மதிப்பு எவ்வளவு?

(உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



கிராமங்களுக்கு வரும்போது என்னிடம் உரத்தைப் பற்றிக் கேட்பீர்கள், பூச்சியைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "சார், பேங்க்ல வேல்யுவேஷன் போடணும்கிறாங்க. அதுக்கு எவ்வளவு சார் ஆகும்?" நிலம் எடுக்கப் போகும் ஊர்களில், "எந்தக் கணக்கில் விலை போடுவார்கள்?" என்று கேட்கிறீர்கள். அடிக்கடி வரும் இத்தகைய கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி: ஒரே நிலத்துக்கு ஆளுக்கொரு விலை சொல்கிறார்களே, எது சரி?

ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்காகப் போட்ட விலை. பதிவுத்துறை வைத்திருப்பது வழிகாட்டி மதிப்பு. முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக ஊர்வாரியாக, சர்வே எண்வாரியாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்கு யாருக்கும் பணம் தர வேண்டாம்; பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அடுத்தது சந்தை மதிப்பு. விற்கிறவருக்கு நெருக்கடி இல்லை, வாங்குகிறவருக்குக் கட்டாயம் இல்லை என்ற நிலையில் படியும் விலை அது. மூன்றாவது அவசர விற்பனை மதிப்பு. கடன் நின்று போனால் சட்டென்று விற்று எவ்வளவு தேறும் என்று வங்கி பார்க்கிற கணக்கு. இது சந்தை மதிப்பைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே வங்கியின் கணக்கைப் பார்த்து, "நம்ம நிலத்தைக் குறைச்சுட்டாங்களே" என்று மனம் வருந்த வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி: மதிப்பீட்டாளர் வந்து எதையெல்லாம் பார்ப்பார்?

வண்டி போக பாதை உண்டா, கிணற்றில் தண்ணீர் எப்படி, மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது, மண் எப்படி, மரங்கள் எத்தனை என்று பார்ப்பார். புலப்படத்தை வைத்து எல்லையைச் சரிபார்ப்பார். பிறகு அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயங்களை ஒப்பிட்டு விலை சொல்வார். ஆனால் நிலம் உங்களுக்குத்தான் சொந்தமா என்பதைச் சொல்வது அவர் வேலை அல்ல. மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து அதைச் சொல்பவர் வக்கீல். அதற்குக் கட்டணம் தனி.

மூன்றாவது கேள்வி: கட்டணம் எவ்வளவு தரலாம்?

முதலில், கட்டணம் தேவைதானா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல், ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முன்பு இந்த வரம்பு 1 லட்சத்து 60 ஆயிரமாக இருந்தது. அடமானமே இல்லாத கடனுக்கு நில மதிப்பீடு எதற்கு? அந்த அளவுக்குள் கடன் கேட்பவர்கள் வேல்யுவேஷனுக்கு என்று யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அதற்கு மேல் கடன் கேட்பவர்கள், வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் யார் என்பதை வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் ஒருவரிடம் பணம் கட்டி அறிக்கை வாங்கிப் போனால், வங்கி அதை ஏற்காமல் போகலாம். பணம் தருவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பேசி முடியுங்கள். மொத்தக் கட்டணம் எவ்வளவு? வந்து போகும் செலவு அதில் சேர்ந்ததா? எத்தனை நாளில் அறிக்கை வரும்? ரசீது உண்டா? கடன் கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் பொதுவாகத் திரும்பி வராது. செய்த வேலைக்குத்தான் கூலி. வந்த முடிவுக்கு அல்ல.

"மதிப்பைக் கூட்டிப் போட்டுத் தர்றேன், எனக்குத் தனியா கவனிச்சுடுங்க" என்று யாராவது சொன்னால் ஒதுங்கி விடுங்கள். கூட்டிய மதிப்பில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டப்போவது அவரல்ல, நீங்கள்தான்.

நான்காவது கேள்வி: கிரயத் தொகையைக் குறைத்து எழுதினால் செலவு மிச்சம்தானே?

உழவர்கள் பெரிதாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கர் 20 லட்சம் என்று பேசி 2 ஏக்கர் கைமாறுகிறது. வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 8 லட்சம் என்பதால் பத்திரத்தில் 16 லட்சம் என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் கட்ட வேண்டிய இடத்தில் 1 லட்சத்து 44 ஆயிரம் கட்டுகிறார்கள். மிச்சம் 2 லட்சத்து 16 ஆயிரம்.

சில ஆண்டு கழித்து அரசு அந்த நிலத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2013 ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பையும், அந்த வட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களையும் பார்ப்பார்கள். அந்தக் கிரயங்களில் விலை அதிகமான பாதிப் பத்திரங்களின் சராசரியை எடுப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதுவே அடிப்படை விலை. கிராமப்புறத்தில் அதை 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்கி, பிறகு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். அந்தப் பெருக்கலை விட்டுவிட்டுப் பார்த்தாலே, 8 லட்சம் என்ற அடிப்படைக்கு ஏக்கருக்கு 16 லட்சம். 20 லட்சம் என்ற அடிப்படைக்கு 40 லட்சம். 2 லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஏக்கருக்கு 24 லட்சம் கையை விட்டுப் போகிறது!

இதில் இன்னொன்றும் உண்டு. ஊரில் எல்லோரும் குறைத்தே எழுதினால், சராசரியும் குறைந்தே இருக்கும். ஒரு சென்ட் நிலம்கூட விற்காத பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அந்தக் குறைந்த விலைதான் வரும்.

ஐந்தாவது கேள்வி: கிணறு, மரங்களுக்குத் தனி விலை உண்டா?

உண்டு. நிலத்தோடு சேர்ந்த மரம், கட்டடம், நிற்கும் பயிர் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மரத்துக்கும் பயிருக்கும் விலை போட வேளாண்மை, தோட்டக்கலையில் அனுபவம் உள்ளவர்களை ஆட்சியர் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நாற்பது தென்னை நிற்கிற தோட்டம் அடங்கலில் வெறும் தரிசு என்று இருந்தால், நீங்கள் வாயால் சொல்லி நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு போகத்திலும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, பயிர், மரம், கிணறு எல்லாம் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று கேட்டு வாருங்கள்.

அரசு தரும் விலை போதாது என்று நினைத்தால், எந்தச் சட்டப்படி நிலம் எடுக்கிறார்கள் என்பதை நோட்டீசில் பாருங்கள். முறையிடும் வழி அதைப் பொறுத்தது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் என்றால், பணத்தை ஆட்சேபணையுடன் பெறுவதாக எழுதிக் கொடுத்தே வாங்குங்கள். பேசாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வம் சொல்லும்போது நீங்கள் நேரில் இருந்தால், ஆறு வாரத்துக்குள் ஆட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும்.

உழவர் பெருமக்களே, மண்ணின் அருமை உங்களுக்குத் தெரியும். விலை போடுகிறவருக்குத் தெரிவது காகிதம் மட்டும்தான். பட்டா, பத்திரம், அடங்கல் மூன்றிலும் உண்மை நிலவரம் இருக்கும்படி இந்தப் போகத்திலேயே பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.